பெட்டியில் வைத்த குரல்

சென்ற மாதம் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். கம்ப்யூட்டர்த் துறையில் பெரிய உத்தியோகம் பார்க்கிறவர். என்னிடம் அவருக்கு மிகுந்த வாஞ்சை உண்டு. என் கதைகளிடம் கிடையாது. அதனால்தான் எங்கள் சிநேகிதம் இத்தனை வருஷம் நீடித்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

காப்பி சாப்பிட்டுக்கொண்டே, படித்த செய்தி ஒன்றை அவரிடம் சொன்னேன். உலகத்தில் இன்று ஏறத்தாழ 7,000 மொழிகள் பேசப்படுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை பழங்குடி மக்களின் மொழிகள். பல மொழிகள் இன்னும் ஒரு தலைமுறையைத் தாண்டுமா என்பதே சந்தேகம். அதனால் ஐக்கிய நாடுகள் சபை 2022 முதல் 2032 வரையுள்ள பத்து வருஷங்களைப் பழங்குடி மொழிகளுக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. சொல்லும்போது என் குரல் கொஞ்சம் தழுதழுத்திருக்க வேண்டும். நண்பர் சிரித்துவிட்டார்.

"இதற்கெல்லாம் இனிமேல் கவலையே வேண்டாம், ஸார்! அந்த மொழி தெரிந்த கடைசிக் கிழவியைக் கண்டுபிடித்து நூறு மணி நேரம் பேச வைத்துப் பதிவு செய்துகொண்டால் போதும். யந்திரம் கற்றுக்கொண்டுவிடும். பிறகு அது பேசும், எழுதும், பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லிக் கொடுக்கும். கிழவி போனாலும் மொழி போகாது."

நான் பதில் சொல்லவில்லை. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். யந்திரங்களைப் பற்றி அவரிடம் வாதாட எனக்கு என்ன தகுதி? ஆனால் 'கிழவி போனாலும்' என்று அவர் சொன்ன மாத்திரத்தில் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. என் அலமாரியின் மேல் தட்டில், பழைய கையெழுத்துப் பிரதிகளுக்கு அடியில், ஒரு கிழவி இருபது வருஷமாக இருக்கிறாள்.

ஒரு காஸெட்டில்.

*

இருபது வருஷங்களுக்கு முன்பு, என் இரண்டாவது நாவலுக்கு விஷயம் தேடிக் கோத்தகிரிச் சரிவில் உள்ள ஓர் இருளர் குடியிருப்புக்குப் போனேன். தோளில் பை, பையில் இரவல் வாங்கிய டேப் ரிக்கார்டர். நான்கு நாள் தங்கினேன். அங்கே ஒரு பாட்டி எனக்குச் சாமைச் சோறு போட்டாள். என்னோடு பேசும்போது தமிழில் பேசினாள். தன் கதைகளைச் சொல்லும்போது தன்னையறியாமல் தன் பாஷைக்குப் போய்விடுவாள். நான் புரிந்தது பாதி, புரியாதது பாதியாகத் தலையை ஆட்டிக்கொண்டு பதிவு செய்துகொண்டேன்.

நாவல் வந்தது. நல்ல பெயரும் கிடைத்தது. பரிசு ஒன்றும் கிடைத்தது. அதில் மழையைப் பற்றி வரும் ஓர் அத்தியாயத்தில் அந்தப் பாட்டியின் சொல் ஒன்றைப் பயன்படுத்தியிருந்தேன். முதல் மழை இறங்கி மண் நெகிழ்ந்ததும் கிழங்கு தோண்டப் போவதைப் பற்றி அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது வந்த சொல் அது. ஒரு தினுசான மழைக்குப் பெயர் என்று நானே பொருள் கொண்டேன். "எத்தனை நுட்பமான சொல்!" என்று விமர்சகர்கள் கொண்டாடினார்கள். நானும் சந்தோஷப்பட்டேன். திரும்ப அந்த மலைக்கு நான் போகவில்லை.

நண்பர் விடைபெற்றுப் போன அன்று இரவு காஸெட்டைத் தேடி எடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரிடம் மட்டும் இன்னும் டேப் ரிக்கார்டர் இருந்தது. நாடா சுற்ற ஆரம்பித்தது. இரைச்சலுக்கு நடுவில் பாட்டி பேசினாள். அவள் இருமியதும் பின்னால் ஒரு கோழி கத்தியதும் எந்தக் குறையும் இல்லாமல் அப்படியே இருந்தன. விஞ்ஞானத்தை அந்த நிமிஷத்தில் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது எனக்கு.

என் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எட்டாவது படிக்கிறாள். அந்தச் சொல் வந்ததும், "இதற்கு என்ன அர்த்தம், அப்பா?" என்று கேட்டாள்.

"ஒருவகை மழை, அம்மா" என்றேன் பெருமையாக.

அவள் நெற்றியைச் சுருக்கினாள். "பாட்டி குரல் கோபமாக இருக்கிறதே. மழையையா திட்டுகிறாள்?"

திருப்பிப் போட்டுக் கேட்டேன். குழந்தை சொன்னது சரி. அந்தச் சொல்லை மட்டும் பாட்டி அதட்டலாகத்தான் சொல்லியிருக்கிறாள். மூன்றாம் தடவை போட்டேன்; அதே சொல்தான், அதே அதட்டல்தான். பத்துத் தடவை போட்டாலும் அது அதையேதான் சொல்லும். பாட்டி உயிரோடு எதிரில் இருந்தால், "என்ன சொன்னீர்கள், பாட்டி?" என்று கேட்டிருக்கலாம். அவள் என் அசட்டுத்தனத்தைக் கண்டு சிரித்துவிட்டு விளக்கியிருப்பாள். நாடாவிடம் அப்படிக் கேட்க முடியாது.

அன்றிரவு வெகு நேரம் தூக்கம் வரவில்லை. என் நாவல் நாலாம் பதிப்பு வந்துவிட்டது!

*

அதற்குப் பிறகு ஒரு மாத காலம் இந்த விஷயமாகக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்த பிறகு நண்பர் சொன்னதில் பாதி நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வாம்பனோவாக் என்ற ஜனங்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கிறிஸ்தவர்களாக்குவதற்காக ஜான் எலியட் என்ற பாதிரியார் பைபிள் முழுவதையும் அவர்கள் மொழியில் பெயர்த்து 1663-ல் அச்சிட்டார். அந்தக் குடியேற்ற நாட்டில் முழு பைபிள் அச்சேறியது அதுவே முதல் தடவை; இங்கிலீஷ் பைபிள்கூட அங்கே அதற்கு முன்பு அச்சாகவில்லை. அவர்களுடைய நம்பிக்கையை மாற்ற வந்த புஸ்தகம் அது. காலப்போக்கில் நிலம் போயிற்று, மொழியும் போயிற்று. நூறு வருஷத்துக்கு மேல் அதைப் பேச ஒருவர்கூட இல்லை. 1990-களில் அந்தக் குலத்தில் பிறந்த ஜெஸ்ஸி லிட்டில் டோ பேர்ட் என்ற பெண்மணி அந்த பைபிளையும், தம் முன்னோர் தம் மொழியில் எழுதி வைத்துப்போன பத்திரங்களையும் கடிதங்களையும் வைத்துக்கொண்டு மொழியைத் தட்டியெழுப்பக் கிளம்பினார். அதற்காகவே எம்.ஐ.டி. சர்வகலாசாலையில் சேர்ந்து மொழியியல் படித்துப் பட்டமும் வாங்கினார். தமக்குப் பிறந்த பெண் குழந்தையிடம் அந்த மொழியிலேயே பேசி வளர்த்தார். ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட முதல் குழந்தை அதுதான்.

எதிராளியின் களஞ்சியத்தில் அகப்பட்டிருந்த விதைநெல் வயலுக்குத் திரும்பி வந்த கதை இது. அச்சு யந்திரம் இல்லாவிட்டால் விதையே மிஞ்சியிருக்காது. நண்பரின் கட்சிக்கு இதைவிடச் சிறந்த சாட்சி கிடையாது.

1890-ல் எடிஸனின் போனோகிராப் புதிதாக வந்த சமயம், பெவ்க்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் அதைத் தூக்கிக்கொண்டு மெய்ன் மாகாணத்துப் பாஸமக்வாடி மக்களிடம் போனார். அவர்கள் பாட்டையும் கதையையும் மெழுகு உருளைகளில் பதிந்துகொண்டார். ஒரு மக்கள் கூட்டம் வாழும் இடத்துக்கே போய் அவர்கள் குரலைப் பதிந்தது உலகத்தில் அதுதான் முதல் தடவை என்கிறார்கள். டாஸ்மேனியாத் தீவில் பானி காக்ரேன் ஸ்மித் என்ற மூதாட்டி 1899-லும் 1903-லும் தம் இனத்தாரின் பாட்டுக்களை மெழுகு உருளையில் பாடிக் கொடுத்தார். 1905-ல் காலமானார். டாஸ்மேனியாவின் ஆதிக்குடிகளுடைய மொழி ஒலித்த பதிவு அது ஒன்றுதான். இன்றைக்கு அந்தத் தீவில், மிச்சம் கிடைத்த சொற்களையெல்லாம் சேர்த்து, 'பலவா கனி' என்ற பெயரில் ஒரு மொழியை எழுப்பிக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

ஆகவே யந்திரத்தைப் பழிப்பது நன்றி கெட்ட காரியம். மெழுகு கரையும் என்பார்கள். அந்த மூதாட்டியின் குரல் விஷயத்தில் மனிதர்கள் கரைந்து போனார்கள், மெழுகு நிலைத்தது.

ஆனால் இந்தக் கதைகளில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வாம்பனோவாக் பைபிள் முந்நூறு வருஷம் அலமாரியில் பத்திரமாகத்தான் இருந்தது. அது அலமாரியில் இருந்த அதே முந்நூறு வருஷத்துக்குள்தான் மொழியும் மடிந்தது. ஒரு தாய் தன் தொட்டில் குழந்தையிடம் அதைப் பேசத் துணிந்த அன்றுதான் அது மறுபடியும் மொழியாயிற்று.

*

மொழி எப்படிச் சாகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அதைப் பிழைக்க வைக்கும் விதத்தைப் பேசுவதில் பிரயோஜனமில்லை. "வலுவுள்ளது வாழும், இல்லாதது போகும், இயற்கை!" என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். நான் படித்த வரையில் எந்த மொழியும் இயற்கை மரணம் எய்தியதாகத் தெரியவில்லை.

நியூஸிலாந்துத் தீவுகளின் ஆதிக்குடிகளான மாவோரிகளைப் பாருங்கள். 1867-ல் அங்கே இயற்றிய பள்ளிக்கூடச் சட்டம், மாவோரிக் குழந்தைகளுக்கு இங்கிலீஷில்தான் பாடம் என்று வைத்தது. பிறகு பல பள்ளிக்கூடங்களில், பள்ளிக்குள் சொந்த மொழியைப் பேசிய பிள்ளைகளுக்குப் பிரம்படி கிடைத்தது. அடிபட்ட பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகித் தாய் தகப்பன் ஆனார்கள். இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு கூட்டம் கூட்டமாகப் பட்டணங்களில் குடியேறினார்கள். 'நாம் பட்ட அடி நம் குழந்தை பட வேண்டாம்' என்று நினைத்து அவர்களில் அநேகர் வீட்டிலும் இங்கிலீஷே பேசினார்கள்.

இந்த இடத்தில் நான் படிப்பதை நிறுத்திப் புஸ்தகத்தை மூடிவிட்டேன். ஒரு தாய் தன் குழந்தையின் மேல் வைத்த அன்பினாலேயே தன் மொழியை விழுங்கிக்கொள்கிறாள். சட்டமும் பிரம்பும் செய்து முடிக்காத காரியத்தை அவளுடைய அன்பு செய்து முடித்துவிடுகிறது. அவளைக் குறை சொல்ல எவனுக்கு வாய் வரும்? நாலாயிரம் பக்கம் எழுதிய எனக்கு வராது. நம் தெருவிலேயே, நன்றாகத் தமிழ் தெரிந்த தாய்மார்கள் குழந்தையைப் பள்ளிக்கூடத்து இங்கிலீஷில் கொஞ்சுவதைக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறோம்? ஆனால் நம் தமிழுக்குப் பின்னால் ஏழு கோடிப் பேர் இருக்கிறார்கள். ஓராயிரம் பேர் பேசும் மொழியில் ஐம்பது தாய்மார்கள் அப்படி நினைத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது.

1972-ல், பள்ளிகளில் மாவோரி மொழியைச் சொல்லித்தர வேண்டும் என்று 30,000-க்கு மேற்பட்டவர்கள் கையெழுத்திட்ட விண்ணப்பத்தை அந்த நாட்டுப் பார்லிமெண்டின் வாசலுக்குக் கொண்டுபோனார்கள். 1982-ல் அவர்கள் கண்டுபிடித்த ஒரு வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. நடுத் தலைமுறைக்கு மொழி தெரியாது; தெரிந்தவர்கள் தாத்தாக்களும் பாட்டிகளும்தான். அதனால் பாட்டியையும் பால் குடி மறந்த பேரனையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்துவிட்டார்கள். அதற்கு 'கோஹங்கா ரேயோ' என்று பெயர்; மொழிக் கூடு என்று அர்த்தம். குருவிக் கூடு என்கிறோமே, அந்தக் கூடு. 1987-ல் அவர்கள் மொழி அந்நாட்டின் ஆட்சி மொழிகளில் ஒன்றாயிற்று. இன்றைக்கு அதில் பேசத் தெரிந்தவர்கள் 2 லட்சத்துக்கு மேல்.

ஹவாய்த் தீவுக்காரர்கள் இந்தக் கூட்டைப் பார்த்து 1984-ல் தாங்களும் ஒன்று கட்டினார்கள். அப்போது ஹவாய் மொழி பேசும் குழந்தைகள் ஐம்பது பேர்கூட இல்லை. ஆனால் அதற்கு முன்பே, 1972-லிருந்து, அங்கே ஒரு ரேடியோ நிகழ்ச்சி நடந்து வந்தது. வாரந்தோறும் முதியவர்களை அழைத்து வந்து ஹவாய் மொழியிலேயே சம்பாஷிப்பார்கள். கேட்கிறவர்களும் டெலிபோனில் கூப்பிட்டுச் சேர்ந்துகொள்வார்கள். அந்த நாடாக்கள் இன்று மாணவர்களுக்குப் பெரிய பொக்கிஷம் என்கிறார்கள். யோசித்துப் பார்த்தேன். அந்த ரேடியோவும் யந்திரம்தானே? என் டேப் ரிக்கார்டரும் யந்திரம்தானே? ஒன்று ஒரு கிழவனுக்குப் பேச இன்னொரு கிழவியைத் தேடிக் கொடுத்தது. மற்றொன்று ஒரு கிழவியின் பேச்சைப் பிடித்துப் பெட்டிக்குள் வைத்து என் வீட்டு அலமாரிக்குக் கொண்டு வந்தது.

*

இனிமேல்தான் நண்பரை நேரடியாகப் பாதிக்கும் சங்கதி வருகிறது.

நியூஸிலாந்தின் வடகோடியில் கைட்டையா என்று ஒரு சின்ன ஊர். அங்கே மாவோரிக் குலங்களுக்குச் சொந்தமான வானொலி நிலையம் ஒன்று இருக்கிறது. தே ஹிகு மீடியா என்று பெயர். பல வருஷங்களாக முதியவர்களின் பேச்சை ஒலிபரப்பி, நாடாக்களைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். ஆயிரக்கணக்கான மணி நேரப் பேச்சை யார் உட்கார்ந்து எழுதுவது? கம்ப்யூட்டருக்கே மாவோரி மொழியைக் கேட்டு எழுதக் கற்றுக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தார்கள். 2018-ல் தங்கள் ஜனங்களிடம் போய், 'வாக்கியங்களை வாசித்துப் பதிவு செய்து தாருங்கள்' என்று கேட்டார்கள். பத்தே நாளில் சுமார் 2,500 பேர் முன்வந்து 300 மணி நேரத்துக்கு மேற்பட்ட பேச்சைக் கொடுத்தார்கள். யந்திரம் கற்றுக்கொண்டது. நண்பர் சொன்ன அதே வித்தைதான்.

இது தெரிந்ததும் பெரிய கம்பெனிகள் அந்தக் குரல்களைக் கேட்டு வந்தன. அவர்கள் கொடுக்க மறுத்துவிட்டார்கள்.

நண்பரிடம் இதைச் சொன்னபோது அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "முட்டாள்தனம்! கம்பெனிக்காரன் இதைவிட நன்றாகச் செய்து உலகம் முழுக்க இலவசமாகக் கொடுப்பான். மொழி பிழைக்க வேண்டுமா, வீம்பு பிழைக்க வேண்டுமா?"

கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் நிலைமையில் நின்று யோசித்துப் பாருங்கள். முதலில் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். பிறகு நாக்கிலிருந்த மொழியைப் பிரம்பால் அடித்து எடுத்தார்கள். அடி தாங்கிக் காப்பாற்றிய மிச்சத்தை இப்போது 'கொடு, உனக்கே கற்றுத் தருகிறேன்' என்று கேட்கிறார்கள். இன்று இலவசமாகக் கொடுப்பவன் நாளைக்கு விலை வைக்கமாட்டான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? சொந்தப் பாட்டியின் தாலாட்டைப் பேரன் காசு கொடுத்து வாங்கும் நிலைமை வந்தால் அதைப் பிழைத்தல் என்று சொல்ல முடியுமா?

அவர்கள் மொழியில் 'கைட்டியாக்கி' என்று ஒரு சொல் உண்டு. காவலன், பாதுகாத்து வைத்திருப்பவன் என்று பொருள். 'இந்தக் குரல்களுக்கு நாங்கள் சொந்தக்காரர்கள் அல்ல, காவலர்கள்' என்பது அவர்கள் நிலை. யார் எதற்குப் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனைகளையும் அந்தக் கருத்தை வைத்தே எழுதியிருக்கிறார்கள். கோயில் சொத்துக்குத் தர்மகர்த்தா இருக்கிறாரே, அதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். விற்கவும் முடியாது, தானம் கொடுத்துப் பெயர் வாங்கவும் முடியாது. பாஸமக்வாடி மக்களுடைய அந்த மெழுகு உருளைப் பாட்டுக்களும் இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. ஆனால் எதைப் பிறர் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதில் அந்த ஜனங்களின் சொல்லுக்கு இப்போது இடம் கொடுத்திருக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று அந்த மரியாதை வர!

நண்பருக்கு இதையெல்லாம் வீறாப்பாகச் சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றுவிட்டேன். கம்பெனிக்காரனை ஏன் திட்டுகிறேன்? நான் என்ன செய்தேன்? என் கதையை எவனாவது என் அனுமதியில்லாமல் ஒரு பக்கம் அச்சடித்தால் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவேன். நான் செத்த பிறகும் 60 வருஷம் என் எழுத்துக்குச் சட்டம் காவல் நிற்கிறது. அந்தப் பாட்டி நாலு நாள் எனக்குச் சோறு போட்டுத் தன் பேச்சையெல்லாம் கொட்டிக் கொடுத்தாளே, அதற்கு எந்தச் சட்டம் காவல் நின்றது? அவள் பெயரை முன்னுரையில்கூட நான் எழுதவில்லை. 'மலைவாழ் மூதாட்டி ஒருவர்' என்று எழுதினேன். கம்பெனிக்காவது கணக்குப் புஸ்தகம் உண்டு. என்னிடம் அதுவும் இல்லை.

*

போன வாரம் புறப்பட்டுப் போனேன்.

பஸ்ஸில் போகும்போது அந்தமானில் 2010-ல் காலமான போவா என்ற மூதாட்டியின் நினைவாகவே இருந்தது. 'போ' என்ற மொழியின் கடைசி மனுஷி. அன்விதா அப்பி என்ற மொழியியல் பேராசிரியை அவள் பேச்சைப் பதிவு செய்து வைத்திருக்கிறார். பேச வேறு துணையில்லாமல் அவள் பறவைகளோடு தன் மொழியில் பேசுவாளாம். அந்தக் குரல் இன்றும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் கடைசி வருஷங்களில் அவளுக்குத் தேவைப்பட்டது தன் பேச்சைக் கேட்க நம்மைப் போன்றவர்கள் அல்ல. பதில் சொல்ல ஒரு ஜீவன். நம் தேசத்து ஜனத்தொகைக் கணக்கில் 10,000 பேருக்குக் குறைவாகப் பேசும் மொழிகளைத் தனியாகப் பெயர் சொல்லி அச்சிடுவதுகூட இல்லை. 1971-லிருந்து அதுதான் வழக்கம். அந்தக் கணக்கில் போவாவின் மொழிக்கு இடமேது?

குடியிருப்பு அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. காங்கிரீட் வீடுகள், ஒரு டெலிவிஷன் கூடை. பாட்டி போய்ப் பதினாறு வருஷம் ஆகிவிட்டதாம். அவளுடைய மருமகள் இருந்தாள். பேரன் இருந்தான், இருபத்து நாலு வயசு, கீழே ஊரில் லாரி ஓட்டுகிறான். அவனுக்கு நடை பழகும் ஒரு குழந்தை. குழந்தையோடு அவன் தமிழில்தான் பேசினான். "நாளைக்குப் பள்ளிக்கூடம் போனா மத்த பசங்க சிரிப்பாங்களேங்க" என்றான். நியூஸிலாந்துத் தாயின் பேச்சுத்தான் அது.

காஸெட்டில் இருந்ததை என் பெண் என் செல்போனில் ஏற்றிக் கொடுத்திருந்தாள். திண்ணையில் வைத்துப் போட்டேன். மாமியாரின் குரல் வந்ததும் அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். சிரிப்பும் கண்ணீரும் கொஞ்ச நேரம். பிறகு அந்தச் சொல் வந்தது.

எல்லாப் பெண்களும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள்.

"அம்மா, இது ஒருவகை மழையின் பெயர்தானே?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"மழையா? அய்யோ சாமி! இது இவனைத்தானுங்க வைதது. அப்ப நாலு வயசு. உங்க பெட்டியைப் பிடுங்க வந்தான். கையை வெச்சுப் பார்த்துக்கிட்டே நின்னான். அதுக்குத்தான் அத்தை அதட்டினாங்க."

பக்கத்தில் இருந்த ஒரு கிழவி அதை ஒப்புக்கொள்ளவில்லை. வைததுதான், ஆனால் கோபத்தில் வைதது இல்லையாம். செல்லம் அதிகமாகிவிட்ட குழந்தையை மட்டும்தான் அப்படிச் சொல்வார்களாம். அந்த அம்மாள் மறுத்துப் பேசினாள். இருவரும் தங்கள் பாஷையிலேயே ஒரு பாட்டம் தர்க்கம் செய்தார்கள். ஒருத்தி உதாரணம் சொன்னாள். இன்னொருத்தி எதிர் உதாரணம் சொன்னாள். பேரன் ஆவென்று கேட்டுக்கொண்டிருந்தான். இருபது வருஷமாக நாடாவில் ஒரே மாதிரி ஒலித்துக்கொண்டிருந்த சொல் அரை நாழிகைக்குள் எத்தனை தினுசாகத் திரும்பிற்று!

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. விமர்சகர்கள் கொண்டாடிய மழை! நாவலைப் பற்றிச் சொன்னேன். தப்பாக எழுதிவிட்டதைச் சொன்னேன். மன்னிக்கச் சொன்னேன். அவர்களுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. "அத்தை குரலைப் பத்திரமா வெச்சிருந்தீங்களே" என்றாள் அந்த அம்மாள். அதுதான் என்னை அதிகமாகச் சுட்டது. காஸெட்டை அவள் கையில் கொடுத்தேன். பேரன் செல்போனில் பிரதி எடுத்துக்கொண்டான். இனி அதை யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்பதெல்லாம் அவர்கள் பொறுப்பு. என் செல்போனில் இருந்ததை அங்கேயே அழித்துவிட்டேன்.

அந்தச் சொல் என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். இங்கே எழுதப் போவதில்லை. ஒரு தடவை எழுதிக் கெடுத்தது போதும். அடுத்த பதிப்பில் அந்த அத்தியாயத்திலிருந்தும் எடுத்துவிடச் சொல்லிப் பதிப்பாளருக்குக் கடிதம் போட்டுவிட்டேன்.

நான் புறப்படும் சமயத்தில் பேரன் மறுபடியும் பாட்டியின் பேச்சைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் குழந்தை தத்தித் தத்தி வந்து, வெளிச்சம் தெரியும் அந்தச் செல்போனைப் பிடுங்கக் கையை நீட்டியது. அவன் சட்டென்று ஃபோனை மேலே தூக்கிக்கொண்டு குழந்தையைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னான், அதே அதட்டல். பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். குழந்தைக்கு என்ன புரிந்ததோ, அதுவும் சிரித்தது.

எங்களைச் சிரிக்க வைப்பதற்காகத்தான் அவன் சொல்லியிருப்பான். ஒரு சொல் திரும்பி வந்ததால் ஒரு மொழி திரும்பி வந்துவிடாது. அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகும்போது மற்றப் பிள்ளைகள் சிரிக்கத்தான் செய்வார்கள். அந்தச் சிரிப்பை நிறுத்த எந்த யந்திரத்தாலும் முடியாது. அது நம் பிள்ளைகளின் சிரிப்பு, நாம் கற்றுக் கொடுத்தது.

ஊருக்குத் திரும்பியதும் நண்பரிடம் நடந்ததைச் சொன்னேன். வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தப் பையனுக்கு ஒரு நல்ல ரிக்கார்டர் வாங்கிக் கொடுக்கலாமா, ஸார்?" என்று கேட்டார்.

"வேண்டுமா என்று அவனையே கேட்டுவிட்டு வாங்கலாம்" என்றேன்.